கட்டிலுக்கு அடியில் பன்னிரண்டு பிரஷ்

"ஏன்னா, பொண்ணு பார்க்க வரவா மாடிப்படி ஏறியாச்சு. இன்னும் அந்தப் பிரஷ்களோட என்ன கொஞ்சல்?"

வேங்கடசுப்ரமணியன் நிமிரவில்லை. வெதுவெதுப்பான சீயக்காய்த் தண்ணீரில் அலசிய பிரஷ்ஷை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து மெல்ல ஒத்தினார்.

"முறுக்கிப் பிழியப்படாது, விஜி. முடி போயிடும். குழந்தைக்குத் தலை துவட்டற மாதிரி துவட்டணும்."

"நம்மாத்துக் குழந்தைக்கு ஒரு நாள் துவட்டியிருப்பேளா? இன்னிக்கு அவளைத்தான் பார்க்க வரா. ஞாபகம் இருக்கோல்லியோ?"

அவர் பகலில் பம்பாய்க் கோட்டைப் பக்கம் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. சாயங்காலமானால் மாதுங்கா நாடகக் குழுவுக்கு மேக்கப்மேன். நாளைக்குப் போட்டி நாடகம். பிரஷ்களிலோ போன வாரத்து ராட்சசர்களின் பச்சைச் சாயம் காய்ந்து கிடந்தது. சாயத்தைத் தேங்காயெண்ணெய் தடவி இளக்கிச் சீயக்காயில் அலசிவிடலாம். ஒட்டுமீசைக் கோந்து அதற்கெல்லாம் மசியாது, ஸ்பிரிட்டில்தான் கரையும். ஒரு கிண்ணம் ஸ்பிரிட்டில் இரண்டு பிரஷ்கள் ஊறிக்கொண்டிருந்தன.

"தரகர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!" விஜயலக்ஷ்மி கையைப் பிசைந்தாள். "பிள்ளையோட அப்பா, செம்பூர் சந்திரமௌலிக்கு நாடகம்னாலே ஆகாதாம். முன்னாடி பார்க்கப் போன ஒரு பொண்ணோட சித்தப்பா என்னிக்கோ சேவகன் வேஷம் கட்டினார்னு தெரிஞ்சு, பஜ்ஜியைக்கூடத் தொடாம எழுந்து போன மனுஷராம். கொண்டாங்கோ, அரிசி டின்னுல சொருகிடறேன்."

"ஐயோ, நட்டமா நிறுத்தினா தண்ணி அடியில இறங்கி முடியெல்லாம் கழண்டுடும்! படுக்கத்தான் போடணும்."

கதவு தட்டப்பட்டது. வேறு வழியில்லாமல் பிரஷ்களைத் துண்டோடு, கிண்ணத்தோடு கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

சந்திரமௌலி நேராக வந்து அந்தக் கட்டிலில்தான் உட்கார்ந்தார். பக்கத்தில் மனைவி. நாற்காலியில் பிள்ளை அனந்தகிருஷ்ணன், கல்யாணத்துக்கு வந்த மூன்றாம் மனிதன் மாதிரி.

உட்கார்ந்த மறுநிமிஷமே சந்திரமௌலியின் மூக்கு விடைத்தது. இடப்பக்கம் முகர்ந்தார். வலப்பக்கம் முகர்ந்தார். விஜயலக்ஷ்மி ஓடிப்போய் நாலு ஊதுபத்தியை ஏற்றினாள். மூக்கு அசரவில்லை.

வேங்கடசுப்ரமணியனுக்கு அப்போதுதான் உறைத்தது. மதுவிலக்கு அமலில் இருக்கிற பம்பாயில் கட்டிலுக்கடியிலிருந்து ஸ்பிரிட் நெடி வந்தால், பிரஷ் கழுவினான் என்றா நினைப்பார்கள்? குடிகாரன் என்று எண்ணினாலும் சம்பந்தம் போச்சு. நாடகக்காரன் என்று ஒப்புக்கொண்டாலும் போச்சு.

ஷ்யாமளா வந்து பஜ்ஜித் தட்டை வைத்து நமஸ்காரம் செய்தாள். சந்திரமௌலி பஜ்ஜியைத் தொடவில்லை. வேங்கடசுப்ரமணியனுக்குப் பாதி உயிர் போயிற்று.

"குழந்தே, ஒரு பாட்டு..." என்று ஆரம்பித்தாள் பிள்ளையின் அம்மா.

"பாட்டெல்லாம் எதுக்கு? எனக்குப் பரம திருப்தி," என்றார் சந்திரமௌலி. "தாம்பூலத்தை இப்பவே மாத்திண்டுடலாம்."

"ஆத்துக்குப் போய் யோசிச்சு லெட்டர் போடறதுன்னா வழக்கம்?" என்றாள் அவர் மனைவி.

"யோசிச்சாச்சு. எடு தாம்பூலத்தை."

விலை கேட்காமலே பணத்தை நீட்டுகிற கிராக்கியைப் பார்த்தால் எந்தக் கடைக்காரனுக்கும் சந்தேகம் வரும். வேங்கடசுப்ரமணியனுக்கும் வந்தது. கட்டிலுக்கு அடியிலேயே ஒரு கண்ணை வைத்துக்கொண்டு வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொண்டார்.

"நீ போய் மாமியோட சமையலுள்ள பேசிண்டிரு," என்று மனைவியை அனுப்பினார் சந்திரமௌலி. "டேய், நீ பால்கனியில காத்து வாங்கு. நாங்க சம்பந்திகள் ரெண்டு பேரும் கொஞ்சம் தனியாப் பேசணும்."

கதவை அவரே தாழ் போட்டார்.

"ஒளிக்காம சொல்லுங்கோ ஸ்வாமி. கட்டிலுக்கு அடியிலதானே?"

"எ... எது?"

"என் மூக்கு பொய் சொல்லாது. பர்மிட் இருக்கா, இல்லே திருட்டுச் சரக்கா?"

"ஐயையோ! பகவான் சத்தியமா நான் தொட்டதே இல்லை!" வேங்கடசுப்ரமணியன் மண்டியிட்டுத் துண்டை வெளியே இழுத்தார். "நாடகத்துக்கு மேக்கப் போடறவன் சார் நான். அதை மறைச்சது தப்புதான். பாருங்கோ, இது அணில் முடி, கன்னத்துக்கு ரோஸ் தடவ. இது பன்னி முடி, மீசைக்குக் கோந்து வைக்க. இதைத்தான் ஸ்பிரிட்ல ஊறப்போடணும், அதுவும் முடி முங்கற அளவுக்குத்தான், பிடிக்கட்டையிலே பட்டா வார்னிஷ் போயிடும். பலபேர் வெந்நீர்ல போட்டுக் கெடுத்துடறா..."

பெண்ணின் கல்யாணத்தையே மறந்து பிரஷ் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

சந்திரமௌலி குனிந்து கிண்ணத்தை எடுத்தார். முகர்ந்தார். பச்சைக் கலங்கலில் கோந்துச் சுருளும் அரை மீசையும் மிதந்தன.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவேதான், சார்!"

"அலமாரியில, கிலமாரியில..."

"ஒரு சொட்டு கிடையாது!"

சந்திரமௌலி கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். முகம் சுருங்கிவிட்டது.

"நாடகக்காரன் சம்பந்தம் வேண்டாம்னுடுவேளா?" வேங்கடசுப்ரமணியன் பிரஷ்களைத் துண்டில் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"தாம்பூலம் மாத்தித் தொலைச்சாச்சே, இனிமே என்ன பண்றது?"

சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, சந்திரமௌலி குரலைத் தாழ்த்தினார்.

"அஞ்சு ஆத்துல பொண்ணு பார்த்தாச்சு, ஸ்வாமி. உங்காத்துல மட்டும்தான் உட்கார்ந்த உடனேயே அந்த வாசனை. இனிமே வாராவாரம் சம்பந்தியாத்துக்கு வந்துடலாம்னு, தொட்டுக்க ஆகுமேன்னு பஜ்ஜியைக்கூட அப்படியே வெச்சிண்டு உட்கார்ந்திருந்தேனே!"