அவசர வரிசை

நாளை அக்காவுக்கு அறுவை சிகிச்சை. இன்றும் அவள் கணினி முன்னால் உட்கார்ந்து சொற்பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். மென்பொருள் கையேடுகளுக்குச் சொற்பட்டியல் தயாரிப்பதுதான் அவளுக்கும் அத்தானுக்கும் தொழில்.

"நீ இல்லேன்னா கம்பெனி கவுந்துடுமாக்கும்!" என்றாள், காலையில்தான் ஊரிலிருந்து துணைக்கு வந்திருந்த தங்கை.

"புதுசா படிக்கிற ஆளு தவிக்கக் கூடாதுடி."

அச்சாகி வந்த தாளைத் தங்கை எடுத்துப் பார்த்தாள். "என்னக்கா, அகர வரிசையே இல்ல?"

"இது அவசர வரிசை. முதல்ல தேவைப்படறது முதல்ல."

தங்கை உரக்கப் படித்தாள். "சர்வர்: தண்ணீர். விண்டோ: போர்வை. டெலீட்: வலிக்கிறது... ஐயோ, எல்லாம் தப்பு தப்பா இருக்கே!"

உள்ளறையிலிருந்து அத்தானின் குரல் குழறியது. "சர்வர்... சர்வர்..."

பக்கவாதம் அவரிடம் விட்டுவைத்தது தொழில் வார்த்தைகளை மட்டும்தான். அவற்றால் அவர் எதைக் கேட்கிறார் என்பது அக்கா ஒருத்திக்குத்தான் புரியும்.

தங்கை ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு, கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"பாஸ்வேர்டு... இதுக்கு நேரா ஒண்ணுமே போடலியே?"

"அது நான்தான்," என்றாள் அக்கா. "எத்தனை நாள் கேட்டாலும், 'இதோ வந்துடுவா'ன்னே சொல்லு."