மச்சான் பிடித்த கயிறு

கடைசிப் பீப்பாயைக் கட்ட இறங்குமுன், சந்தியாகு தன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையைக் கைத்தானிடம் நீட்டினான்.

படகில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இத்தனை நாளும் வேறு ஆள்தான் பிடித்துவந்தான்.

கீழே, முயல்தீவுக்குப் பக்கத்துச் சேற்றில், தோணி புதைந்து கிடந்தது. கொழும்பில் குண்டு விழுந்து ஜனங்கள் ஓடிவந்த சமயத்தில், அங்கிருந்து ஆட்களை ஏற்றி வரும்போது மூழ்கியது. ஓட்டி வந்தவன் சந்தியாகு. அன்றிலிருந்து கைத்தான் அவனிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

சண்டைக் காலத்தில் புதுத் தோணிக்கு மரம் கிடைக்காது. அதனால்தான் இந்தப் பாடு. மண்ணெண்ணெய்ப் பீப்பாய்களைத் தண்ணீரோடு மூழ்கடித்துத் தோணியின் வயிற்றுக்குள் கட்ட வேண்டும். பிறகு குழாய் வழியாகக் காற்றை அடித்தால் தண்ணீர் வெளியேறும். பீப்பாய்கள் மேலே வரப் பார்க்கும், வரும்போது தோணியையும் கூட்டிக்கொண்டு வரும். நாசரேத்திலிருந்து வந்த பம்பு மேஸ்திரி சுந்தர்சிங்கின் யோசனை அது.

கயிறு ஏன் கை மாறுகிறது என்று அவர் கேட்டார்.

சங்கெடுக்கக் கடலில் மூழ்கிக் குளிக்கிறவனுக்கு அவன் பெண்டாட்டியின் அண்ணன் தம்பிதான் கயிறு பிடிப்பது வழக்கம் என்றார்கள். கூடப்பிறந்தவளின் தாலியை அறுக்க எவனுக்கும் மனசு வராதல்லவா?

நல்ல ஏற்பாடுதான் என்று சுந்தர்சிங் தலையாட்டினார். மற்றதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சந்தியாகு ஆழத்துக்கு இழுக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

கைத்தான் மனசுக்குள் மாதா மந்திரம் சொல்ல ஆரம்பித்தான். அந்தக் கரையில் மூச்சடக்கும் நேரத்துக்கு அதுதான் அளவு. சந்தியாகு என்றால் நாலாவது மந்திரம் முடிவதற்குள் கயிற்றை ஆட்டிவிடுவான், மேலே இழுத்துவிடலாம்.

நாலும் முடிந்தது. கயிறு ஆடவில்லை.

இப்போது இழுத்தால் கட்டு பாதியில் நின்றுபோகும், அவனாக ஆட்டட்டும் என்றார் சுந்தர்சிங். அதுவும் நியாயம்தான்.

ஐந்தாவதைக் கைத்தான் பாதியில் விட்டுவிட்டு இழுத்தான்.

கயிறு வரவில்லை. எதிலாவது சிக்கியிருந்தால் ஒரே விறைப்பாக நிற்கும். இது விட்டுவிட்டு எதிர்த்து இழுத்தது. கீழே ஒரு கை எதையோ பற்றிக்கொண்டிருக்கிறது என்று கைத்தானுக்குப் புரிந்துவிட்டது.

படகின் விளிம்பில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தான். உள்ளங்கைத் தோல் உரிந்தது. அப்புறம் சட்டென்று கயிறு இளகியது.

சந்தியாகு பலகையில் கிடந்து இருமினான். மூச்சு வந்ததும் கைத்தானுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்:

"கயித்த நான் ஆட்டலயே மச்சான். ஒன்னய நம்பித்தான குடுத்தேன்."

பம்பு ஓடியது. முடிச்சுகள் எல்லாம் சரியாகவே விழுந்திருந்தன. அந்த வேலையில் அவன் குறை வைக்கவில்லை. நுரையும் சேறுமாகக் கடல் கலங்க, தோணி மெல்ல மேலே வந்தது. சுந்தர்சிங் கைதட்டினார். மற்றவர்கள் தலைத்துணியை எடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

கொழும்பிலிருந்து வந்த அந்தத் தோணியில் மெட்டில்டாவும் இருந்தாள். கைத்தானின் ஒரே தங்கை. சந்தியாகுவின் பெண்டாட்டி. தோணியின் இதே வயிற்றுக்குள்ளிருந்துதான் அவளை எடுத்துக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

இனி காப்பாற்றத் தாலி கிடையாது. கயிற்றைச் சும்மா விட்டுவிட ஊரிலேயே காரணம் உள்ளவன் கைத்தான் ஒருவன்தான். சந்தியாகு நம்பியது அதைத்தான்.

கைத்தானுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஈரக் கயிற்றைச் சுருட்டித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

"சங்கு குளிக்கப் போனாலும் இனி நாந்தான் பிடிப்பேன், மாப்பிள."