இருட்டறையில் எரிந்த விளக்கு

"உள்ள லைட்டைப் போட்டது யாரு?"

ஆராய்ச்சி மாணவி அகிலாண்டம் கேட்ட வேகத்தில், அட்டெண்டர் காசிமாயன் கையிலிருந்த எலித் தீவன வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடி மலை தெரியும் ஆராய்ச்சிக்கூடம் அது. இருபது நாளாக ஆறு எலிகளைக் கும்மிருட்டில் வைத்திருந்தாள். இரவு பகல் தெரியாவிட்டாலும் எலி தன் உடம்புக் கடிகாரப்படி எழுந்து சக்கரத்தில் ஓடும். வெளிச்சம் பட்டால் அந்தக் கடிகாரம் தள்ளிப்போகும். மூளையில் செரோடோனின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தூண்டிவிட்டால், அப்போதும் தள்ளிப்போகுமா? அதுதான் அவளுடைய கேள்வி. மூன்று எலிகளுக்கு மட்டும் அதற்கான மருந்து கொடுத்தாள். அடுத்த வாரம்தான் விளக்கைப் போடுவதாக இருந்தாள்.

இன்று, எலிகள் ஓடும் நேரத்தைப் பேனா முள் கீறிப் பதிந்த தாளைப் பிரித்தால், செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு மருந்து கொடுக்காத மூன்றும் ஒரு மணி நேரம் பிந்தி ஓடியிருந்தன.

"சாவி உங்ககிட்டதானே இருக்கு? லைட்டைப் போட்டு உக்காந்து பீடி குடிக்க வேற இடமே கிடைக்கலையா?"

காசிமாயன் தலை குனிந்தார். "என் தப்புதாம்மா."

"ஒரு வருஷ உழைப்புண்ணே. மண்ணள்ளிப் போட்டுட்டீங்க."

கோபம் அடங்காமல் நேரே வழிகாட்டிப் பேராசிரியர் பஞ்சாபகேசனிடம் போய்ச் சொன்னாள். அவர் காசிமாயனை வரவழைத்தார்.

"உன்னை நம்பி ஒரு கதவை விட முடியாதா? நாளையிலேருந்து தோட்ட வேலைக்குப் போ."

காசிமாயன் வெளியே போனார்.

பேராசிரியர் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"அகிலா, மருந்து குடுத்த மூணுக்கும் ஓடுற நேரம் மாறவே இல்லையே. வெளிச்சம் பட்டும் கடிகாரம் அசையலை. செரோடோனின் தடுத்திருக்கும்மா. உடனே கட்டுரை எழுதணும்."

"எப்படி சார் எழுதறது? லைட் எப்ப எரிஞ்சது, எத்தனை நிமிஷம் எரிஞ்சதுன்னே தெரியாதே."

"செவ்வாய் சாயங்காலம் நாலரை மணி. கால் மணி நேரம்," என்றார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "சம்பந்தி எலியைப் பாக்கணும்னார், நான்தான்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அகிலாண்டம் தாளை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவில் காசிமாயனை மறித்தாள்.

"செய்யாததை ஏண்ணே ஒத்துக்கிட்டீங்க?"

"சொன்னா நீங்க அவருகூடச் சண்டைக்கு நிப்பீக தாயி. ஒங்க பட்டம் அவரு கையெழுத்துல இருக்கு. எனக்குத் தோட்டத்துலயும் இதே சம்பளந்தான்."