அக்கரையில் ஒரு சிலுவை

"கட்டினவன் அங்க இருட்டுல கிடக்கான். இவ என்னடான்னா ஊரான் கல்லறைக்கு மெழுகுவத்தி ஏத்தறா!"

லுசினாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

கல்லறைத் திருநாள். பொழுது சாயும் நேரம். ஊரே ஆற்றங்கரையில் நின்று, அக்கரையைப் பார்த்து விளக்கு வைத்துக்கொண்டிருந்தது.

உலகப் போர் முடிந்ததும் யாரோ கோடு போட்டார்கள், ஆறுதான் எல்லை என்று. ஊர் போலந்தோடு நின்றது. இடுகாடு சோவியத்துக்குப் போயிற்று.

லுசினாவின் தம்பி ஃபெலிக்ஸ் அந்த இடுகாட்டில்தான் இருக்கிறான். கூப்பிடு தூரம். அவனுடைய வெள்ளைச் சிலுவை இங்கிருந்தே தெரியும். ஆனால் இரண்டு கரையிலும் துப்பாக்கியோடு காவல். பதின்மூன்று வருடமாக ஒரு பூ வைக்க வழியில்லை.

அவன் மனைவி தெக்லாவைத்தான் கரையில் காணோம்.

"உக்ரைன்காரங்களோட பழைய இடுகாட்டுல நிக்கறா. கூடை நிறைய மெழுகுவத்தி," என்று வந்து சொன்னவள் பக்கத்து வீட்டு இரேனா.

லுசினா விடுவிடுவென்று நடந்தாள். அந்த ஜனங்களை அக்கரைக்குத் துரத்திய பிறகு, அவர்கள் இடுகாட்டை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. முள் மண்டிக் கிடந்தது. நடுவே தெக்லா மண்டியிட்டிருந்தாள்.

"என்னடி கூத்து இது?"

"கத்தாதீங்க அண்ணி."

"நம்ம வீட்டைக் கொளுத்தினவங்கடி இவங்க!"

"நம்ம ஆளுங்க அவங்க வீட்டைக் கொளுத்தலையா?"

லுசினா அக்கரைப் பக்கம் கையை நீட்டினாள்.

"அவன் சிலுவையை ஒரு தடவை தொட்டுட்டுச் செத்தாப் போதும்னு நான் தவிக்கிறேன். உனக்கு அந்த ஏக்கமே இல்லையாடி?"

தெக்லா எழுந்து, கையிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போன வருஷம் நீங்கள்லாம் போனப்புறமும் நான் கரையிலயே நின்னேன் அண்ணி. அக்கரை இடுகாட்டுக்கு ஒருத்தி வந்தா. முக்காடு போட்டிருந்தா, முகம் தெரியல. இங்கேர்ந்து போனவங்கள்ல ஒருத்தியாத்தான் இருக்கணும். ஒவ்வொரு கல்லறையா விளக்கு வெச்சுக்கிட்டே வந்தா. உங்க தம்பிக்கும் வெச்சா."



தெக்லா அடுத்த மெழுகுவத்தியை எடுத்தாள்.

"அவளைப் பெத்தவ இங்க எந்தக் கல்லுக்கு அடியில இருக்காளோ, தெரியலையே அண்ணி. அதான் எல்லாத்துக்கும் ஏத்தறேன்."