கரு சொன்ன டிவி

"மாப்பிள்ளைக்கு என்னடி குறைச்சல்?" என்று எதிர்வீட்டுப் பங்கஜவல்லி போட்ட கூச்சல் என் அடுப்படிவரை கேட்டது. "வேண்டாம்னா வேண்டாம்மா," என்று அவள் மகள் மஞ்சரியும் கத்தினாள். உப்பு வாங்குகிற சாக்கில் கிண்ணத்தோடு போய் நின்றேன்.

படம் முடிந்ததும் அதன் கரு என்னவென்று சொல்லும் டிவி அவர்களுடையது. சண்டையையும் படமென்று நினைத்துக்கொண்டதோ என்னவோ, "கரு உறுதி செய்யப்பட்டது," என்றது.

மஞ்சரி வெளிறிப்போய் உட்கார்ந்துவிட்டாள். "மூணு மாசம்மா. டிவி ரிப்பேருக்கு வருவாரே, இளம்பரிதி, அவர்தான்."

என் கிண்ணம் கைநழுவி உருண்டது. டிவி மட்டும் நிதானமாக முடித்தது: "கதையின் கரு, தலைமுறை இடைவெளி."

அடுத்த வாரமே கல்யாணம். ஜோடி ஓசூருக்குப் போய்விட்டது. சீர்வரிசையோடு அந்த டிவியையும் பங்கஜவல்லியே வண்டியில் ஏற்றி அனுப்பினாள்.