கையுறைக்குள் சுடுதண்ணீர்

லாசால் நகரத்துப் பக்கத்து ஆற்றுக்குள் கிடக்கும் பாறைத்திட்டைப் பார்க்க, காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மூழ்கிய கஜந்தினி திரும்பி வரவில்லை. கூடப் போன மெலனி மட்டும் மேலே வந்து, கலங்கலில் கை விட்டுப்போனது என்று அழுதாள். கரையில் நின்ற தகப்பன் இரவிச்சந்திரன் கிடங்கில் பெட்டி ஏற்றுகிற மனுசன். நீந்தத் தெரியாது. அக்டோபர்க் குளிரில் தொண்டை கட்டும்வரை தண்ணீரைப் பார்த்து மகளைக் கூப்பிட்டார்.

மெலனி உதவிக்குப் போன் எடுக்கும்போதே நாணலுக்குள் கஜந்தினியின் தலை தெரிந்தது. நடந்தே வந்தாள். இரவிச்சந்திரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார்.

"என்னப்பா ஒப்பாரி? அதுதான் வந்திட்டனே."

"வாயை மூடடி. கை விறைச்சிருக்கும், கொண்டா."

கையுறையை உருவினார். உள்ளேயிருந்து ஆவி பறந்தது. குளிரில் மூழ்குகிறவர்கள் கையுறைக்குள் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள். இவள் வேண்டாம் என்றுவிட்டு இறங்கியவள்.

"ஆர் பிள்ளை ஊத்தினது?"

"பகிடி விடாதேங்கோ. கை விறைச்சு, வழி தெரியாமல் நிக்கேக்க நீங்கள்தானே கீழ வந்து ஊத்தினனீங்கள். கையைப் பிடிச்சுக் கரைமட்டும் கூட்டிவந்தனீங்கள். அதுவும் வெறுங்காலோட. கல்லுக் குத்தேல்லையே?"

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். சப்பாத்துகள் காலில்தான் இருந்தன. நனைந்திருக்கவில்லை.

"இல்லைப் பிள்ளை, குத்தேல்லை" என்றார்.

பிறகு விறைத்துப்போன தன் கையை அவளுடைய கையுறைக்குள் நுழைத்துக்கொண்டார். சூடு இன்னும் ஆறவில்லை.