மூன்றரை அடி

சுவரைத் தடவினான். சுவிட்ச் இல்லை.

வாசலை ஒட்டிய சுவர், தோள் உயரம். எல்லா வீட்டிலும் அது இருக்கிற இடம்தான்.

குனிந்து பார்த்தான். இடுப்புக்குக் கீழே இருந்தது.

வடவள்ளியில் புது வீடு. ஆர்க்கிடெக்ட் ஷைலஜா கட்டியது. ஒரு விருதுக்கு அனுப்பப் பன்னிரண்டு புகைப்படங்கள் கேட்டிருந்தார். பத்து வருடமாக அவருடைய கட்டடங்களை அவன்தான் படமெடுக்கிறான். விலாசம் அனுப்பியவர் வேறொன்றும் சொல்லவில்லை.

சோபாவில் கிடந்த செய்தித்தாளை எடுத்தான். காலண்டரைக் கழற்றினான். ஒயர்களைத் திரைக்குப் பின்னால் தள்ளினான். ஆள் புழங்குகிற அடையாளம் எதுவும் படத்தில் வரக்கூடாது. வந்தால் அழுக்குப் போலத் தெரியும்.

இந்த வீட்டில் அப்படி ஒதுக்கிவைக்க அதிகம் இல்லை.

நிலைப்படி எங்கும் இல்லை. கதவுகள் அகலமாக இருந்தன. கைகழுவும் தொட்டி அவன் முட்டிக்குச் சற்று மேலே நின்றது.

சின்னப் பிள்ளைக்காக என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்காரம்மா சுகந்தி தேநீர் கொண்டுவந்தாள். பாப்பா பள்ளிக்கூடம் விட்டு எப்போது வரும், ஒரு படத்தில் நிற்கட்டுமே என்று அவளிடம் கேட்டான்.

அவள் தம்ளரை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கணவர் லோகநாதன்தான் சொன்னார். மகள் மிருதுளாவுக்குப் பன்னிரண்டு வயது. தசைகள் தளர்ந்துபோகும் நோய். ஏழு வயதிலிருந்து சக்கர நாற்காலி. அவளை உட்காரவைத்துத்தான் ஷைலஜா அளவெடுத்தார். கை எட்டுகிற தூரம், கண்ணின் உயரம், நாற்காலி திரும்ப வேண்டிய இடம். கட்டி முடிக்க இரண்டு வருடம் ஆயிற்று. கிரகப்பிரவேசத்துக்கு இருபது நாள் இருந்தபோது காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அவள் திரும்பி வரவில்லை.

"மேடம் உங்ககிட்ட சொல்லலீங்களா?" என்று கேட்டார்.

அவன் தேநீரைக் குடித்தான். ஆறிப்போயிருந்தது.

கடைசியாக மிருதுளாவின் அறை.

மெத்தையில் விரிப்பு பிரிக்காத மடிப்போடு கிடந்தது. ட்ரைபாடை வழக்கமான உயரத்தில் நிறுத்தினான். தாழ்வாக வைத்த ஜன்னலில் மதில் சுவர்தான் தெரிந்தது. அதன் ஓரமாக ஒரு சாக்கடை மூடி. இவ்வளவு கவனமாகக் கட்டியவர் ஜன்னலை இப்படி வைப்பாரா?

கதவோரம் சுகந்தி நின்றிருந்தாள்.

"அத எறக்கி வைங்க தம்பி. அவ உக்கார்ற ஒசரத்துக்கு."

அவளே கையை நீட்டிக் காட்டினாள். கை தயங்காமல் ஓரிடத்தில் நின்றது. மூன்றரை அடி.

ட்ரைபாடின் கால்களை ஒவ்வொன்றாகச் சுருக்கினான். மண்டியிட்டுக் கேமராவில் பார்த்தான்.

மதில் ஜன்னல் விளிம்புக்குக் கீழே போய்விட்டது. ஜன்னல் முழுக்க மருதமலை. அடிவாரம், ஏறுகிற படிகள், உச்சி, அதற்கு மேலே கொஞ்சம் வானம். அளந்து வெட்டிவைத்தது போல.

அவள் பார்க்கக் கேட்டாள். விலகிக்கொண்டான்.

முழங்காலிட்டு வெகுநேரம் பார்த்தாள்.

"மலை தெரியும்னு மேடம் சொல்லிட்டே இருந்தாங்க" என்றாள். "நாங்க நின்னுட்டே பாத்துட்டிருந்தோம்."

அந்தப் படம் தனக்கு வேண்டும் என்றாள்.

லோகநாதன் வந்து பார்க்கவில்லை. கூடத்தில் எலக்ட்ரீஷியனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். சுவிட்ச் எல்லாவற்றையும் மேலே ஏற்ற வேண்டும், நாளைக்கே வரவேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவை குனிய வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் முடியவில்லை என்று போனை வைத்ததும் அவனிடம் சொன்னார். இடுப்பு வலியைப் பற்றி அவர் பேசவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது.

எடுத்து முடித்த அறைகளுக்கும் திரும்பிப் போய், அன்று பன்னிரண்டு படங்களையும் மூன்றரை அடியிலிருந்தே எடுத்தான்.

மறுநாள் ஷைலஜா அழைத்தார். ஜன்னல் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததாகச் சொன்னார். பிறகு, மற்ற படங்கள் உதவாது என்றார். மேசைகள் முகத்தில் இடிக்கின்றன. தரை தெரியவில்லை. நடுவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறவர்கள். இன்னொரு முறை போய் எடுத்துவர முடியுமா?

ஒரு வாரம் கழித்துப் போனான்.

சுவரெல்லாம் உடைத்திருந்தார்கள். சுவிட்சுகள் மேலே ஏறியிருந்தன. கீழே அவை இருந்த இடங்களில் ஈரம் காயாத பட்டிப் பூச்சு, வெள்ளை வெள்ளையாக. கணினியில் அழித்துவிடலாம் என்று ஷைலஜா சொல்லியிருந்தார்.

சுகந்தி இல்லை. முதல் உளிச் சத்தம் கேட்டதுமே பையை எடுத்துக்கொண்டு உடுமலைக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாளாம். கூப்பிட்டால் போனை எடுப்பதில்லையாம்.

ட்ரைபாடை முழு உயரத்துக்கு நீட்டினான். லோகநாதன் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அந்தப் படத்த அவளுக்கு அனுப்பிச்சீங்களா தம்பி?"

"அனுப்பிச்சனுங்கண்ணா. கேட்டிருந்தாங்க."

"பாத்துட்டாளா?"

போனை எடுத்துப் பார்த்தான். வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் குறிகள்.

"பாத்துட்டாங்க."

அவர் தலையாட்டினார். தன் போனையும் ஒரு தரம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் நிக்கறது படத்துல விழுதுங்களா?"

"இல்லீங்க."

இருந்தும் அவர் வாசலைத் தாண்டிப் போய், வெயிலில் நின்றுகொண்டார்.